பூட்டு மேடம் இல்லாத நாள்

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவன் முதலில் மேடைக்கு வணக்கம் சொல்ல வேண்டும், பிறகுதான் அவையைப் பார்க்க வேண்டும் என்பது முறை. இன்று நான் அந்த வரிசையை மாற்றிக்கொள்கிறேன். நாற்காலி கிடைக்காமல் கடைசியில் சுவரோரமாக நிற்கும் மாணவ மாணவியரே, உங்களுக்கு என் முதல் வணக்கம். மறைந்தவரின் கணவராக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பல் மருத்துவர் ஐயாவுக்கும், அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மகளுக்கும் என்ன சொல்லி வணங்குவதென்று தெரியவில்லை. என் சக ஆசிரியர்களுக்கு வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, நிர்வாகச் செயலாளர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். கடைசியில் சொன்னதால் மரியாதை குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பேச்சு முழுக்க உங்களைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இந்தக் கல்லூரியின் நூலகர். ‘சத்தம் போடாதீர்கள்’ என்று இந்த வளாகத்திலேயே அதிகமாகச் சத்தம் போடுகிறவன். இன்றும் என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்குக் கோபம் வருகிறது.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் அவர்களுக்காக. பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் இந்த வளாகத்தில் அவரை யாராவது அந்தப் பெயரால் அழைத்திருக்கிறோமா? காவலாளி முதல் முதல்வர் வரை எல்லோருக்கும் அவர் பூட்டு மேடம்தான். முன்னால் போனால் மேடம், முதுகுக்குப் பின்னால் பூட்டு மேடம். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் தன் அறைக்கதவில் யாரோ சாக்பீஸால் ஒரு பூட்டை வரைந்து வைத்ததை அழிக்கவே கூடாது என்று துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிவிட்டவர் அவர்.

அந்தப் பெயர் பிறந்தது என் நூலகத்தில். அவர் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். அப்போது நூலகத்துக்கு ஒரு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கியிருந்தோம். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார்கள், எல்லாம் அதற்குள். ஒரு காலைப் பொழுதில் அது திறக்க மறுத்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். புத்தகம் என்னுடையது, அலமாரி என்னுடையது, தூசி தட்டுகிற கை என்னுடையது. எது எங்கே இருக்கிறது என்கிற விவரம் மட்டும் எவனோ ஒருவனுடையது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு புத்தகம் தேடி வந்த இந்த அம்மா என் கணினியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இதுல பூட்டு எங்க இருக்கு அண்ணா?”

“பூட்டா? கதவையா கேக்கறீங்க?”

“இல்ல. உங்க வீட்டுச் சாமானை உங்களையே எடுக்க விடாம ஒண்ணு தடுக்குதில்ல, அதைக் கேக்கறேன்.”

பிறகு கல்யாணப் பந்தலில் நடப்பதைப் போல ஒரு வேலை நடந்தது. தரையில் பாய் விரித்து, மாணவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் திறந்த மூல மென்பொருள் ஒன்றில் ஏற்றினார். அது என்ன திறந்த மூலம் என்று நான் கேட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், திருத்தியதை ஊருக்கே கொடுக்கலாம் என்றார். ஒரு நூலகருக்கு இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து யார் எந்த மென்பொருளைக் கொண்டுவந்து நீட்டினாலும் இந்த அம்மா கேட்கிற முதல் கேள்வி அதுதான். இதில் பூட்டு எங்கே இருக்கிறது?

நூலகத்தில் தொடங்கியது பாடங்களுக்குப் பரவியது, தேர்வுக்குப் பரவியது. இன்று இந்தக் கல்லூரியில் பாடக்குறிப்பு வருவதும், மாணவர் தேர்வு எழுதுவதும், மதிப்பெண் போவதும் அவர் நிறுவிய திறந்த மூல மென்பொருளில்தான். அதை இலவசம் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “இலவசம்னு சொல்லாதீங்க. எங்கேயோ யாரோ உக்காந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. சாப்பிட்ட தட்டையாவது நாம கழுவி வைக்க வேண்டாமா?” என்பார். அவரிடம் படித்த ஒவ்வொரு மாணவரும் அந்த மென்பொருளில் ஒரு சின்னக் குறையையாவது கண்டுபிடித்துச் சரிசெய்து, அதை உருவாக்கியவர்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவர் வகுப்பில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. நம் பிள்ளைகள் திருத்திய திருத்தத்தை, நாம் பெயர்கூடக் கேள்விப்படாத கல்லூரிகள் இன்று பயன்படுத்துகின்றன.

துண்டுச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. ‘நேரம் கருதிச் சுருக்கவும்.’ நன்றி. சுருக்கமாகவே சொல்கிறேன், உட்காருங்கள்.

மேடம் மறைந்த அன்று மாலை, இறுதிச் சடங்கு முடிந்து வீட்டுக்குப் போய் நான் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டேன். கைபேசியில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. இங்கே எல்லோருக்கும் வந்திருக்கும். ‘திறந்த மூல மென்பொருள்களைப் பராமரித்துவந்த பேராசிரியர் மறைந்துவிட்டபடியால், அவற்றுக்கு ஆதரவு அளிக்க ஆள் இல்லாத நிலை ஏற்பட்டுள்ளது. எனவே வரும் தேர்விலிருந்து அனைத்தும் தனியார் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற்றப்படும்.’

ஆள் இல்லாத நிலை. செயலாளர் ஐயா, இதை எழுதியபோது உங்களுக்குக் கை கூசவில்லையா? அந்த அம்மாவின் உடல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் இதைத் தட்டச்சு செய்ய எப்படி மனம் வந்தது? நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை ஒரே நாளில் முடிந்துவிடுமா? அப்படியென்றால் அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோதே யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். எதிரில் அவருடைய பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆள் இல்லையா? அந்த அம்மா ஆயுள் முழுக்கச் செய்த வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதானே ஐயா?

எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் திடீரென்று ஒரு நாள் மேடம் கல்லூரிக்கு வர மாட்டார். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். கைபேசியை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். அதற்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘மேடம் இல்லாத நாள்’. அன்று எது நின்றாலும், எது உடைந்தாலும், பிள்ளைகளே சரிசெய்ய வேண்டும். மறுநாள் வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“என்னைத் தேடினீங்களா?”

தேடினோம் என்று சொன்னால் திட்டுவார் என்று நினைக்கிறீர்களா? திட்ட மாட்டார். முகம் வாடிப்போகும். “அப்போ தப்பு என்னோடது. எதுக்குத் தேடினீங்க, சொல்லுங்க” என்று கரும்பலகை முன்னால் நிற்பார். அந்த விஷயம் எல்லோருக்கும் கைவரும்வரை விட மாட்டார். முதல் தடவை இவர் இல்லாத நாளில் பிள்ளைகள் பதறியடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்கள், வீட்டு முகவரி கேட்டு. நானா கொடுப்பேன்? போகப் போக ஓட்டம் குறைந்தது. பிறகு சத்தம் குறைந்தது. பிறகு ஒரு பருவத்தில் மேடம் வந்து கேட்டபோது, “நேத்து நீங்க வரலையா மேடம்?” என்று ஒரு மாணவன் திருப்பிக் கேட்டான். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. வகுப்புக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நான் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். “ஏம்மா, உலகத்துல ஒவ்வொருத்தனும் தன் நாற்காலியைக் கெட்டியாப் புடிச்சுக்கறான். நீங்க உங்க நாற்காலிக்கு நீங்களே உலை வைக்கறீங்க. நீங்க இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடப் போறாங்க.”

“அனுப்பட்டும் அண்ணா. வீட்ல ஒருத்தர் ஊர் வாயைத் திறந்து சம்பாதிக்கறாரு. எனக்கு என்ன கவலை?” என்றார்.

டாக்டர் ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அவர் அதற்காகத்தான் சொன்னார்.

நோய் வந்தது. இல்லாத நாள் இல்லாத வாரமானது. இல்லாத வாரம் இல்லாத மாதமானது. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன பருவத் தேர்வு முழுக்க அவர் மருத்துவமனையில் இருந்தார். ஒரு மாணவர்கூட அவரைத் தேடிக் கூப்பிடவில்லை. தேர்வு நடந்தது, மதிப்பெண் வந்தது. செயலாளர் ஐயா, அப்போது ஆதரவுக்கு யார் இருந்தார்கள்? நீங்கள் இருந்தீர்களா? நான் இருந்தேனா?

இன்னும் கேளுங்கள். இறுதிச் சடங்கு நாளன்று, வீட்டு வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். வணிகவியல் மாணவி ஒருத்தியும் கணினித்துறை மாணவர்கள் சிலரும் சத்தமில்லாமல் நழுவிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து வியர்வையோடு திரும்பி வந்தார்கள். மேடத்தின் மகள் அந்த மாணவியைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கக்கா போனீங்க?”

“சர்வர் நின்னுடுச்சு பாப்பா. போய்ச் சரிபண்ணிட்டு வந்தோம்.”

அந்தக் குழந்தை கேட்டாள்: “அம்மாவைத் தேடினீங்களா?”

அந்த மாணவியால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே நின்ற எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் எங்கள் மேல் இன்னும் கடனாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு கூத்து நடந்தது. மறுநாளே மேடத்தின் கணினிக் கணக்கை முடக்கச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. அவர் கணக்கை முடக்கினால் எல்லாம் படுத்துவிடும், படுத்துவிட்டால் சுற்றறிக்கை எழுதியவர் சொன்னது சரியாகிவிடும். இதுதான் கணக்கு. முடக்கினார்கள். காத்திருந்தார்கள். பாடக்குறிப்பு வந்தது, நூலகம் திறந்தது, மதிப்பெண் போனது. கல்லூரிக் கணினிப் பிரிவின் தலைவர் என்னிடம் வந்து, “சார், எல்லாத்தையும் புடுங்கியாச்சு, எப்படி சார் இன்னும் ஓடுது?” என்று கேட்டார். நல்ல மனிதர், கேட்டபோது அவர் முகத்தில் பாதி பயம், பாதி சந்தோஷம். நான் என்ன சொல்வேன்? தன் ஒருவருடைய சாவியில் எதையும் தொங்கவிடாதவர் அந்த அம்மா. சாவி என்று ஒன்று இருந்தால்தானே பிடுங்குவதற்கு?

இரண்டாவது துண்டுச் சீட்டு. ‘சுற்றறிக்கை பற்றிப் பேச வேண்டாம்.’ சரி, பேசவில்லை. ஒரு மாணவியைப் பற்றிப் பேசுகிறேன்.

வரலாற்றுத் துறை இறுதியாண்டு மாணவி. அதோ, இரண்டாவது வரிசையின் ஓரத்தில். அவளுக்குப் பிறவியிலிருந்து பார்வை கிடையாது. முதலாண்டில் தேர்வெழுத உட்கார்ந்தபோது, அவள் வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். எழுதியவருக்கு வரலாறு தெரியாது. அவள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று எழுத, மதிப்பெண் அவளுடையது. அழுதுகொண்டே மேடத்திடம் போனாள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு, அது நம் தேர்வுப் பக்கத்தில் மட்டும் தடுமாறியது. உள்ளே திறந்து பார்க்க முடிந்ததால் மேடமும் பிள்ளைகளும் உட்கார்ந்து சரிசெய்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இங்க புரியுதா, இங்க வாசிக்குதா’ என்று கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். அன்றிலிருந்து அவள் தன் தேர்வைத் தன் விரலால் எழுதுகிறாள். துறையிலேயே முதல் மாணவி.

இப்போது வரப்போகும் மென்பொருள் என்ன செய்யும் தெரியுமா? காப்பியடிப்பதைத் தடுக்கிறோம் என்ற பெயரில், தேர்வு நேரத்தில் கணினியில் வேறு எதையும் ஓட விடாது. அவளுக்கு வாசித்துச் சொல்லும் அந்தக் குரலையும் ஓட விடாது. அவள் கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் எழுது என்கிறது. போன வாரம் நிறுவனத்தின் ஆள் விளக்கம் காட்ட வந்தபோது அவளே எழுந்து கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நல்ல கேள்விம்மா. அடுத்த பதிப்புல பரிசீலிக்கறோம்.”

“என் பரீட்சை அடுத்த மாசம் சார்,” என்றாள் அவள்.

அந்த ஆள் மடிக்கணினியை மூடினார். அவரைத் திட்டி என்ன செய்ய, அவருக்கே அதன் உள்ளே பார்க்க அனுமதி கிடையாது. முதல்வர் அவர்கள்தான் சமாதானம் சொன்னார்: “கவலைப்படாதேம்மா, பழைய மாதிரி ஒருத்தரை எழுத வைக்கறோம்.”

“எனக்கு எழுதத் தெரியும் சார்.”

முதல்வர் அவர்களே, நீங்கள் தலை குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். தலை குனியத் தெரிந்தவரிடம் இன்னும் பேசலாம் என்றுதான் இங்கே நிற்கிறேன். இதைத்தான் ஆதரவு என்கிறீர்களா? தொலைபேசி எண் ஒன்று, அதை எடுத்து ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்ல ஒரு குரல், இதற்குப் பெயர் ஆதரவா? பக்கத்தில் உட்கார்ந்து ‘இங்க புரியுதா’ என்று கேட்டதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அடுத்து, இன்று அறிவிக்கப்போகிறீர்களாமே, புதிய கணினிக் கூடத்துக்கு மேடத்தின் பெயரைச் சூட்டுவதாக. வாசலில் அவருடைய பெரிய படம், உள்ளே அந்த நிறுவனத்தின் மென்பொருள். அடடா, என்ன மரியாதை. கூட்டத்துக்கு வரும் வழியில் டாக்டர் ஐயா என்னிடம் ஒன்று சொன்னார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். “அவ பேரைப் பூட்டு மேல எழுத வேண்டாம்னு சொல்லிடுங்க சார்.” சொல்லிவிட்டேன் ஐயா.

ஆகவே, சற்று நேரத்தில் வாசிக்கப்போகும் இரங்கல் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: அந்தச் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட வேண்டும். சேர்க்க மறுத்தால், இன்று காலை நூலகத்தில் கூடிய ஆசிரியர்கள் சார்பில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் அந்த வரலாற்று மாணவி தன் விரலால் எழுத முடியாத தேர்வுக்கு எங்களில் ஒருவரும் மேற்பார்வைக்கு வர மாட்டோம். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மூடிய கதவுக்கு முன்னால் நிறுத்துகிற வேலையை எங்களால் செய்ய முடியாது.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதானே எழுதினீர்கள்? கூட்டத்தின் முடிவில் மௌன அஞ்சலிக்காக எல்லோரும் எழுந்து நிற்போம். அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மேடம் கற்றுக்கொடுத்ததைப் பார்த்துக்கொள்ளக் கைவந்தவர்கள், ஒரு சின்னத் திருத்தமாவது செய்து திருப்பி அனுப்பியவர்கள், அவர்கள் மட்டும் இப்போது எழுந்து நில்லுங்கள். சுவரோரமாக ஏற்கெனவே நிற்கிறவர்கள் கையை உயர்த்தினால் போதும்.

வணிகவியல் எழுந்துவிட்டது. வேதியியல். கணினித் துறை, நீங்கள் மெதுவாக எழுந்திருங்கள், நாற்காலி விழுகிறது. சுவரோரம் ஒரு கைகூடக் கீழே இல்லை. வரலாற்று மாணவியும் எழுந்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவர் அவள் கையைப் பிடிக்க வேண்டாம், அவளுக்கு நிற்கத் தெரியும். கணினிப் பிரிவின் தலைவரும் எழுந்து நிற்கிறார். ஐயா, உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. பூட்டைத் திறந்து ஒரு புத்தகத்தைத் தேடக் கற்றுக்கொண்ட நானும் இவர்களோடு நிற்கிறேன்.

செயலாளர் ஐயா, ஆள் இல்லாத நிலை இதுதான். கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

முதல்வர் அவர்களும் எழுந்துவிட்டார். மௌன அஞ்சலிக்காகவா, இதற்காகவா என்று நான் கேட்கப்போவதில்லை. எழுந்தவர் இனி உட்காராமல் இருந்தால் போதும்.

பாப்பா, நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். சர்வர் நின்றபோது அம்மாவைத் தேடவில்லை, அம்மா சொல்லிக்கொடுத்தபடி நாங்களே சரிசெய்தோம். நாளைக்கு நின்றாலும் சரிசெய்வோம்.

ஆனால் தேடுகிறோம் கண்ணா. வேலை எல்லாம் முடிந்த பிறகு, தேநீர் குடிக்கும்போது, தேடுகிறோம்.